இரவு இரண்டு மணிக்கும் காலை ஏழரைக்கும் நடுவில் காணாமல் போகும் புத்தகங்கள்

ஒரு நூலகத்தின் தேடல் பக்கம் தன்னிடம் 42,000 பதிவுகள் இருப்பதாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் நிரல் அந்த நூலகத்தின் இணையச் சேவையிடம் கேட்டு வாங்கி வந்ததை எண்ணினால் 41,700. லாக் கோப்பில் ஒரு பிழைகூட இல்லை. கடைசி வரியில் 'முடிந்தது' என்று இருக்கிறது. மீதி 300 எங்கே? வார இறுதிகளில் கூடி, பல நூலகங்களில் சிதறிக் கிடக்கும் தமிழ் நூல்களுக்கு ஒரே தேடல் பட்டியல் கட்டலாம் என்று பெங்களூரில் இறங்குகிற தமிழ் நண்பர் குழுக்களில் இந்தக் கேள்வி எப்படியும் ஒரு நாள் வந்து நிற்கும். "அண்ணா, எண்ணிக்கை இடிக்குதே?" என்று குழுவில் இளையவர் கேட்பார். "ஏதாவது டெலீட் ஆனதா இருக்கும்பா, விடு" என்று பதில் வரும். அந்த 'விடு' என்ற சொல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. கத்திக்கொண்டு விழுகிற நிரலை யாரும் சரி செய்துவிடுவார்கள். சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொண்டுவருகிற நிரல் வருடக்கணக்கில் அப்படியே ஓடும்.

இதைப் பெங்களூரில் இருந்துகொண்டு அலட்சியப்படுத்துவது கூடுதலாக உறுத்துகிறது. 1892இல் சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணமாக்கலுக்கான ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கியது இந்த ஊரில்தான். மைசூர் சாலை வளாகத்தில் அது இன்றும் இயங்குகிறது. அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. பட்டியலில் விடுபட்ட நூலுக்கு வாசகர் எங்கிருந்து வருவார்? ஐந்தாவது விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது. பதிவுகளை இழுக்கும் நிரல் எழுதுகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டியது இந்த ஐந்தாவதைத்தான். நாம் பக்கம் பக்கமாக வாங்கிக்கொண்டிருக்கும்போதே அங்கே யாரோ ஒருவர் ஒரு தலைப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

நான் பேசுவது ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறையைப் பற்றி, அதாவது நூலகங்களின் பதிவு விவரங்களைப் பிற நிரல்கள் கேட்டு வாங்குவதற்கான பொது முறை. அதன் 2.0 பதிப்பு 2002 ஜூனில் வந்தது. டிஸ்பேஸ் போன்ற களஞ்சிய மென்பொருள்கள் எல்லாம் அதைப் பேசும். ஆறே ஆறு வகைக் கேள்விகள், பதில் எக்ஸ்எம்எல்லில் (ஒவ்வொரு தகவலையும் பெயரிட்ட உறுப்புக்குள் வைக்கும் எழுத்து வடிவம்). எளிமையானது என்பதால் ஒரு மாலையில் நாற்பது வரி பைத்தான் எழுதி ஓட்டிவிடலாம். அந்த நாற்பது வரிகளுக்குள்தான் எல்லா ஓட்டைகளும் இருக்கும்.

200 வந்தால் போதுமா

முதல் ஓட்டை மிகச் சாதாரணமானது. சர்வர் எச்டிடிபி 200, அதாவது 'எல்லாம் சரி' என்ற எண்ணைக் கொடுத்தால் வெற்றி என்று எழுதிவிடுவோம். இந்த நெறிமுறையில் தவறான தேதி, காலாவதியான டோக்கன் (அடுத்த பக்கத்தைக் கேட்பதற்கான சீட்டு), இல்லாத பதிவு என எல்லாப் புகார்களும் 200 என்ற எண்ணோடுதான் வரும். புகார், எக்ஸ்எம்எல்லின் உள்ளே 'எரர்' என்ற உறுப்பில் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்காத நிரல், "இந்தப் பக்கத்தில் பதிவே இல்லை, ஆகவே முடிந்தது" என்று நிம்மதியாக நிறுத்திக்கொள்ளும். எனவே ஒவ்வொரு பதிலிலும் முதலில் தேட வேண்டியது எரர் உறுப்பை. அதிலும் 'நோரெக்கார்ட்ஸ்மேட்ச்' மட்டும் பிழை ஆகாது. அந்தத் தேதிக்குள் மாற்றம் எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள். மற்ற எல்லாவற்றுக்கும் நிரல் சத்தம் போட்டு நிற்க வேண்டும்.

எச்டிடிபி அளவில் வரும் தடைகள் வேறு. 429, 500, 502, 503, 504 என்றால் பெரும்பாலும் சர்வர் தற்காலிகமாகத் திணறுகிறது, பொறுத்திருந்து மறுபடி கேட்கலாம். 2, 4, 8, 16, 32 வினாடிகள் என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, ஐந்து முறை முயன்று விட்டுவிட வேண்டும். 400, 404 என்றால் கேள்வியோ முகவரியோ தவறு, மறுபடி கேட்பது வீண். 503 உடன் 'ரிட்ரை-ஆஃப்டர்' என்ற தலைப்பு வந்தால் நம் கணக்கை விட்டுவிட்டு அவர்கள் சொன்னபடி நடக்க வேண்டும். அது வினாடி எண்ணாகவும் வரும், முழுத் தேதியாகவும் வரும். எண் என்று நம்பி மாற்றப் போய் நிரல் விழும் இடம் அது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு டைம்அவுட் தானாக எதுவும் கிடையாது. கொடுக்காவிட்டால் எதிர்முனை பேசும் வரை காத்துக்கொண்டே இருக்கும். இன்றைய ஓட்டம் தொங்கிக்கொண்டிருக்க, நாளைய கிரான் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் வசதி) இன்னொன்றைத் தொடங்கி வைக்கும். இணைப்புக்கு 10 வினாடி, பதிலுக்கு 60 வினாடி, கூடவே ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓடும்படி ஒரு பூட்டுக் கோப்பு: இவ்வளவு போதும்.

நம் நிரல் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் யூசர்-ஏஜென்ட் வரியில் குழுவின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கட்டும். பல நூலகச் சர்வர்களைக் கவனித்துக்கொள்பவர் ஒரே ஆள். இரவில் தன் சர்வரைத் தட்டுவது யார் என்று அவருக்குத் தெரிந்தால், முகவரியையே முடக்குவதற்கு முன் ஒரு கடிதம் போடுவார். கேள்விகளுக்கு நடுவே ஒரு வினாடி இடைவெளி விட வேண்டும், இணையாகப் பல கேள்விகளை அனுப்பக் கூடாது.

டோக்கன் என்னும் சீட்டு

42,000 பதிவுகளும் ஒரே பதிலில் வராது. டிஸ்பேஸ் வழக்கமாக நூறு நூறாகத் தரும், ஒவ்வொரு நூறின் முடிவிலும் ஒரு ரிசம்ப்ஷன் டோக்கன் வைக்கும். அடுத்த கேள்வியில் அந்தச் சீட்டை நீட்டினால் அடுத்த நூறு. 420 கேள்விகள். பதிலுக்கு இரண்டு வினாடி, இடைவெளிக்கு ஒரு வினாடி என்றால் மொத்தம் 21 நிமிடம். இந்த 21 நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டோக்கனோடு வேறு எதையும் அனுப்பக் கூடாது. மெட்டாடேட்டா வடிவத்தையும் தேதியையும் சேர்த்து அனுப்பினால் 'பேட்ஆர்கியூமென்ட்' வரும். டோக்கனுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்து, நாமே அடுத்த எண்ணைப் போட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம், அதன் வடிவத்தைச் சர்வர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அதில் கூட்டல் குறியோ சாய்கோடோ இருக்கலாம். முகவரியில் ஒட்டும்போது முறைப்படி மாற்றாவிட்டால் கூட்டல் குறி மறுமுனையில் வெற்றிடமாகிவிடும், டோக்கன் செல்லாது என்று பதில் வரும். கடைசிப் பக்கத்தில் டோக்கன் உறுப்பு வெறுமையாக வரும், அதுதான் முடிவுக்கான அடையாளம். அபூர்வமாகச் சில சர்வர்கள் பழைய டோக்கனையே திருப்பித் தந்து நம்மைச் சுற்ற விடும். அதனால் ஒரே ஓட்டத்தில் ஏற்கெனவே கண்ட டோக்கன் மறுபடி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

நெறிமுறை ஒரு நல்ல வாக்குறுதியும் தருகிறது: கடைசியாகப் பெற்ற டோக்கனை மறுபடி நீட்டினால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆகவே ஒரு பக்கத்தின் பதிவுகளையும் அதன் டோக்கனையும் தரவுத்தளத்தில் ஒரே பரிவர்த்தனையில் எழுத வேண்டும். பதிவுகளை எழுதிவிட்டு டோக்கனைத் தனியாக எழுதினால், நடுவே கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பெங்களூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, வந்த பதிலைப் பிரிப்பதற்கு முன்பே அப்படியே வட்டில் எழுதி வையுங்கள். நூலகப் பதிவுகளில் சுருக்கம் என்ற பகுதி பெரும்பாலும் பிடிஎஃப்பிலிருந்து ஒட்டப்பட்டதாக இருக்கும். அதோடு கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். பக்கம் தள்ளும் குறி போன்றவற்றுக்கு எக்ஸ்எம்எல் 1.0இல் இடமே கிடையாது. அப்படி ஒரே ஒரு குறி இருந்தால் நூறு பதிவுகள் கொண்ட பக்கம் முழுவதையும், எக்ஸ்எம்எல்லைப் பிரித்துப் படிக்கும் பார்சர் தூக்கி எறிந்துவிடும். அதோடு டோக்கனும் போய்விடும், அதற்குப் பின்னால் உள்ள பக்கங்களும் போய்விடும். மூலம் கையில் இருந்தால் அந்தக் குறிகளை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி பிரிக்கலாம், சர்வரை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டாம். அதற்கும் மசியாத பக்கம் என்றால், லிஸ்ட்ஐடென்டிஃபையர்ஸ் மூலம் அடையாள எண்களை மட்டும் வாங்கி, கெட்ரெக்கார்ட் வழியாக ஒவ்வொன்றாகக் கேட்டால் கெட்டது ஒன்று மட்டும் தனியே ஒதுங்கும், மீதி 99 பிழைக்கும்.

ஐந்தரை மணி நேரம்

இவ்வளவும் செய்த பிறகும் எண்ணிக்கை குறையும். முதல் முழு ஓட்டத்தில் அன்றைக்கு அங்கே இருந்த அத்தனையும் சரியாக வந்திருக்கும். அதன் பிறகு தினமும் 'நேற்றிலிருந்து மாறியதை மட்டும் கொடு' என்று கேட்கும் தொடர் ஓட்டங்களில்தான் அரிப்பு தொடங்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. சர்வரிடம் லிஸ்ட்ஐடென்டிஃபையர்ஸ் கேட்டு அத்தனை அடையாள எண்களையும் வாங்குங்கள். நம் தரவுத்தளத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, அங்கே இருந்து இங்கே இல்லாதவற்றைத் தனியே எடுங்கள். ஒவ்வொன்றோடும் டேட்ஸ்டாம்ப், அதாவது கடைசியாக மாறிய நேரம், வந்திருக்கும். (நூல் வெளியான ஆண்டோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.) இப்போது அந்த நேரங்களில் தேதியை விட்டுவிட்டு, எந்த மணியில் எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். 300 பதிவுகளும் நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. எல்லாம் யூடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) 20:30க்கும் 02:00க்கும் நடுவில் குவிந்திருந்தால் திருடன் நம் வீட்டுக்குள்தான் இருக்கிறான்.

என்ன நடக்கிறது என்றால், பெங்களூரில் உள்ள கணினியில் இரவு 2:00 மணிக்குக் கிரான் ஓடுகிறது. வேலை முடிந்ததும் அடுத்த முறைக்கான தொடக்க நேரமாக '02:00' என்று எழுதி வைக்கிறோம். நெறிமுறை நேரத்தின் முடிவில் இசட் எழுத்தைக் கேட்கிறது, அதையும் ஒட்டிவிடுகிறோம். அந்த இசட் வெறும் அலங்காரம் கிடையாது, 'இது யூடிசி நேரம்' என்ற உறுதிமொழி. நம் இரவு 2:00 என்பது யூடிசியில் முந்தைய நாள் 20:30. யூடிசி 02:00 என்பது நமக்குக் காலை 7:30. மறுநாள் இரவு நிரல் கேட்கும்போது 'காலை ஏழரையிலிருந்து மாறியதைக் கொடு' என்றுதான் உண்மையில் கேட்கிறது. இரவு 2:00 முதல் காலை 7:30 வரை மாறிய எதையும் எந்த இரவிலும் கேட்பதே இல்லை.

சோதித்தால் சிக்காது என்பதுதான் இந்தப் பிழையின் கெட்ட குணம். இந்திய நூலகத்தில் விடிகாலை மூன்று மணிக்கு யாரும் உட்கார்ந்து பதிவைத் திருத்துவதில்லை. பகலில் ஒரு சோதனைப் பதிவைப் போட்டுப் பார்த்தால் மறுநாள் ஒழுங்காக வந்து சேரும். ஆனால் ஆயிரக்கணக்கான பதிவுகளை மொத்தமாக ஏற்றும் வேலையை அதே நூலகம் ஆள் நடமாட்டம் இல்லாத விடிகாலையில்தான் ஓட்டும். அது நேராக இந்தக் குழியில் விழும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் தொகுப்புகளை இழுப்பதாக இருந்தால் இன்னும் மோசம். நம் இரவு 2:00 முதல் 7:30 வரை என்பது குளிர்கால நியூயார்க்கில் பிற்பகல் 3:30 முதல் இரவு 9:00 வரை. அங்கே நூலகர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் செய்த வேலையில் ஒரு பகுதி, தினமும் தவறாமல், நம்மிடம் வராது.

சில சர்வர்கள் மணி, நிமிடம் வரை கேட்க விடாமல் நாள் அளவில் மட்டுமே அனுமதிக்கும். சர்வரைப் பற்றிய விவரம் கேட்கும் ஐடென்டிஃபை கேள்விக்கான பதிலில் 'கிரானுலாரிட்டி' என்று அதைச் சொல்லியிருப்பார்கள். அங்கேயும் இதே குழி கொஞ்சம் சின்னதாக இருக்கும். 15ஆம் தேதி இரவு 2:00 மணிக்கு ஓடிய நிரல் '15' என்று எழுதி வைக்கும், யூடிசியில் அப்போது 14ஆம் தேதிதான். அந்த 14இல் மிச்சமிருக்கும் மூன்றரை மணி நேரம் போய்விடும்.

யூடிசிக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். பாதிதான் சரியாகும். முதலில் சொன்ன 21 நிமிடம் இருக்கிறதே, ஓட்டம் முடிந்த நேரத்தை அடுத்த தொடக்கமாக வைத்தால், அந்த இடைவெளியில் மாறிய பதிவுகள் நாம் கடந்துவிட்ட பக்கங்களில் இருந்தால் போயே போச்சு. நம் கணினியின் கடிகாரம் நான்கு நிமிடம் வேகமாக ஓடினால் அதுவும் நட்டம்தான். ஆகவே நம் கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது. ஒவ்வொரு பதிலின் தலையிலும் சர்வர் தன் நேரத்தை 'ரெஸ்பான்ஸ்டேட்' என்று எழுதித் தருகிறது. ஓட்டத்தின் முதல் பதிலில் வந்த ரெஸ்பான்ஸ்டேட்டைத்தான் அடுத்த தொடக்கமாக வைக்க வேண்டும், அதுவும் ஓட்டம் முழுமையாக முடிந்தால் மட்டும்.

அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. டிஸ்பேஸில் பதிவு மாறுவதும் அது ஓஏஐ வாசலில் தெரிவதும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. நடுவே தனியாக ஓர் அட்டவணை உண்டு, பல இடங்களில் அது இரவில் ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். மதியம் 3 மணிக்குத் திருத்திய பதிவு நள்ளிரவில்தான் வெளியே தெரியும், ஆனால் அதன் டேட்ஸ்டாம்ப் மதியம் 3 என்றே இருக்கும். இரவு 10 மணிக்கு நாம் போய் வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் 'இரவு 10இலிருந்து' என்று கேட்டால் அந்தப் பதிவு நம் கண்ணில் படவே படாது. இதில் எந்தக் கடிகாரமும் தவறில்லை, இருந்தும் பதிவு தொலைகிறது. இதற்கு மருந்து, கொஞ்சம் பின்னோக்கிப் போய்க் கேட்பதுதான். சேமித்த நேரத்துக்கு மூன்று நாள் முன்னாலிருந்து கேட்க வேண்டும். வந்ததே மறுபடி வரும், வரட்டும். அடையாள எண்ணை முதன்மைச் சாவியாக வைத்து, இருந்தால் புதுப்பி, இல்லையென்றால் சேர் என்று எழுதியிருந்தால் நூறு முறை வந்தாலும் ஒரு பதிவுதான் இருக்கும். ஒருமுறை கேட்டதை மறுபடி கேட்பது வீண் என்கிற சிக்கனப் புத்தியை இந்த ஓரிடத்தில் விட்டுவிடுவது நல்லது.

நீக்கப்பட்டவை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'டெலீட் ஆகியிருக்கும்' என்ற சமாதானத்தைச் சோதித்துப் பார்க்க முடியும். ஐடென்டிஃபை பதிலில் 'டெலீட்டட்ரெக்கார்ட்' என்ற வரி மூன்றில் ஒன்றைச் சொல்லும்: நீக்கியதை நிரந்தரமாக அறிவிப்போம், சில காலம் அறிவிப்போம், அறிவிக்கவே மாட்டோம். அறிவிக்கும் சர்வர் அனுப்பும் பதிவில் தலைப்பகுதி மட்டும் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. உள்ளடக்கம் உண்டு என்று நம்பி எழுதிய நிரல் அங்கே விழும். அறிவிக்காத சர்வர் என்றால் மேலே சொன்ன அடையாள எண் ஒப்பீட்டை வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் செய்ய வேண்டும்.

தமிழ் எழுத்து வந்து சேரும்போது

எண்ணிக்கை சரியானாலும், தேடினால் கிடைக்காத பதிவு தொலைந்த பதிவுதான். 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் 5 குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். சர்வர் தன் பதிலின் தலைப்பில் எழுத்துமுறையைச் சொல்லாமல் வெறும் 'டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்' என்று அனுப்பினால், ரிக்வெஸ்ட்ஸ் அதை ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறையாக எடுத்துக்கொள்ளும். அந்த 15 பைட்டுகளும் 15 ஐரோப்பியக் கிறுக்கல்களாகிவிடும். சரமாகக் கேட்காமல் பைட்டுகளாகவே எடுத்துப் பார்சரிடம் கொடுத்தால், அது எக்ஸ்எம்எல்லின் முதல் வரியைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ளும். சரியாக எடுத்த பிறகும் கிறுக்கலாகவே இருந்தால், அந்த நூலகத்திலேயே யூனிகோடு பரவுவதற்கு முந்தைய டிஸ்கி அல்லது டேப் காலத்து எழுத்துருவில் தட்டிய பதிவுகள் மாற்றப்படாமல் இருக்கின்றன என்று பொருள். அவற்றுக்குத் தனி மாற்றி வேண்டும்.

'கொ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. என்எஃப்சி என்ற யூனிகோடின் சீராக்கும் முறையில் ஒழுங்குபடுத்தினால் இரண்டும் ஒன்றாகும். 'மௌனம்' அப்படிச் சரியாகாது. பலர் அதை 'மெ', 'ள' என்று தனித்தனியாகத் தட்டியிருப்பார்கள். 'ஔவை'யை 'ஒ', 'ள' என்று தட்டியிருப்பார்கள். யூனிகோடைப் பொறுத்தவரை அவை வேறு எழுத்துகள், எனவே என்எஃப்சி தொடாது. 'எ'கரக் கொம்புக்குப் பின் வரும் 'ள'வையெல்லாம் ஔகாரமாக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு விதி எழுதினால் 'கெளுத்தி' மீன் செத்துவிடும். 'ள'வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சரியாக வரும். இந்த மாற்றங்கள் தேடலுக்கான தனிப் பத்தியில் இருக்கட்டும். நூலகர் எழுதிய மூலத்தில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை.

இனி, ஏற்கெனவே ஒரு வருடமாகக் குழியில் விழுந்தவற்றை மீட்பது. 42,000 பதிவுகள் கொண்ட சர்வர் என்றால் யோசிக்கவே வேண்டாம், 21 நிமிடத்தில் முழுவதையும் மறுபடி வாங்கிவிடலாம். பத்து லட்சம் பதிவுகள் என்றால் 10,000 கேள்விகள், எட்டு மணி நேரத்துக்கு மேல். அங்கே குழியை மட்டும் தோண்டலாம். ஒவ்வொரு நாளுக்கும் தொடக்கம் 20:30, முடிவு மறுநாள் 02:00 என்று யூடிசியில் கேளுங்கள், தொடக்கமும் முடிவும் இரண்டுமே கணக்கில் சேரும். இடையில் மறுபடி திருத்தப்பட்ட பதிவின் டேட்ஸ்டாம்ப் புதிய நேரத்துக்கு நகர்ந்திருக்கும், அது அநேகமாக வேறொரு இரவில் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும். ஒரு வருடத்துக்கு 365 கேள்விகள், சில நாட்களில் மட்டும் டோக்கன் பிடித்து இரண்டு மூன்று பக்கங்கள் கூடுதலாகப் போகும். முடிந்ததும் அடையாள எண் ஒப்பீட்டை மறுபடி ஓட்டி, அங்கே இருந்து இங்கே இல்லாதவை எத்தனை என்று பாருங்கள். பூஜ்யம் வரவில்லை என்றால், மிச்சமிருப்பவற்றின் நேரத்தை மறுபடி மணிவாரியாக எண்ணுங்கள்.